இரண்டாவது ஆள் எங்கே போனார்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சொந்த வீட்டிலேயே உரிமம் பெற்றுப் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் டேகேர்களுக்கான சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு உண்டு. அன்றைய வேலையைத் தொடங்கிய பிறகு உரிமதாரருக்குக் கடும் நோயோ காயமோ நேர்ந்து, அவர் வீட்டைவிட்டுப் போயே ஆகவேண்டிய நிலை வந்தால், பயிற்சி முடிக்காத, குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்படாத ஒரு பெரியவரிடம்கூடக் குழந்தைகளை ஒப்படைக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. பெற்றோரைக் கூடிய சீக்கிரம் வரவழைக்க வேண்டும். மாற்று ஆளின் பொறுப்பு 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முடிந்தவரை ஏழு நாளுக்குள் கவுன்டி அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழந்தையை யார் நெருங்கலாம், யார் நெருங்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக வரையறுத்த ஒரு சட்டம், இந்த ஓரிடத்தில் மட்டும் பிடியைத் தளர்த்துகிறது. காப்பவரும் நோய்வாய்ப்படக்கூடிய மனிதர்தான் என்ற எளிய உண்மை, இந்தத் தொழிலின் ஒழுங்குமுறைக்குள் இவ்வளவு தாமதமாக, இவ்வளவு தயங்கி நுழைந்தது ஏன்? என் கணிப்பில் காரணம் இந்தச் சட்டங்களின் பிறப்பிலேயே இருக்கிறது. காப்பாளரால் குழந்தைக்கு வரும் ஆபத்தைத் தடுக்கவே அவை பிறந்தன. காப்பாளருக்கே வரும் ஆபத்து அவற்றின் கண்ணில் படவில்லை. படாமல் போனதோடு நிற்கவில்லை. அப்படியொரு நேரத்தில் ஓடிவரக்கூடிய இரண்டாவது ஆளையும் வழியில் அவை விலக்கிவைத்தன.

கதை விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தொடங்குகிறது. மணமாகாத தாய்மாரும் வீட்டுவேலைக்குப் போன பெண்களும் கைக்குழந்தையைப் பணம் கொடுத்து இன்னொரு பெண்ணிடம் வளர்க்க விடுவது அங்கே வழக்கம். மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு குழந்தையைப் பட்டினி போட்டுச் சாகவிடும் கொடுமையும் அதற்குள் நடந்தது. 'பேபி ஃபார்மிங்' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தன. லண்டன் பிரிக்ஸ்டனில் இத்தொழில் செய்த மார்கரெட் வாட்டர்ஸ் 1870 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அந்த அதிர்ச்சியின் விளைவாக 1872-இல் குழந்தை உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 1896-இல் இதே தொழிலில் இருந்த அமீலியா டையர் தூக்கிலிடப்பட்ட வழக்கு நாட்டை உலுக்க, அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் இன்னும் இறுகியது. இரண்டு தூக்குத் தண்டனைகளுக்கும் இரண்டு சட்டங்களுக்கும் உள்ள நெருக்கத்தைக் கவனித்தால், பதிவேடு எந்தக் கண்ணோடு பிறந்தது என்பது தெரியும். கதவுக்குப் பின்னால் இருக்கும் பெண் என்ன செய்வாளோ என்ற சந்தேகமே அதன் கண். அந்தச் சந்தேகத்துக்கு அன்று நியாயமான காரணம் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் அன்றே ஓர் எதிர்ப்புக் குரலும் எழுந்தது. 1871-இல் முன்வைக்கப்பட்ட மசோதா, பகலில் மட்டும் பிள்ளை பார்க்கும் பெண்களையும் பதிவுக்குள் இழுக்கப் பார்த்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய லிடியா பெக்கரும் அவரது தோழிகளும் அதை எதிர்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுவார் என்றால், அண்டை வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏழைப் பெண்கள் அந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். பஞ்சாலைக்குப் போகும் தாய் திண்டாடிப் போவாள் என்பது அவர்களின் வாதம். வாதம் எடுபட்டது; பகல்நேரக் காப்பு சட்டத்துக்கு வெளியே நின்றது. லங்காஷயர் ஆலை ஊர்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், வயதான பெண்கள் அதிகாலையிலேயே ஆலைத் தொழிலாளிகளின் குழந்தைகளை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. அந்த ஏற்பாட்டில் யாருக்கும் உரிமம் இல்லை, எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தது, அதன் கதவு பக்கத்திலேயே இருந்தது. பிள்ளை பார்க்கும் கிழவி விழுந்துவிட்டால், குழந்தையின் அழுகை நீடிப்பதை வைத்தே பக்கத்து வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்துவிடும்.

இதைப் பொற்காலமாக வர்ணிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அழும் குழந்தையைத் தூங்கவைக்க அபின் கலந்த 'காட்ஃப்ரீஸ் கார்டியல்' என்ற மருந்தை ஊட்டியதும் இதே தெருக்களில்தான். பல வீடுகளில் 'இரண்டாவது ஆள்' என்பது எட்டு, ஒன்பது வயது அக்காவாகவே இருந்தது. ஒரு சிறுமியின் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. என் வாதத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கூலிக்குப் பிள்ளை பார்ப்பது அன்று ஒரு தெருவின் வேலையாக இருந்தது. அதில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இருந்தார். உரிமம் வந்தபோது அது ஒரு பெயரின் வேலையானது. பொறுப்பைத் துல்லியமாக ஒருவர் மேல் வைக்க வேண்டும் என்றால் பெயர் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அந்தத் துல்லியத்துக்குக் கொடுத்த விலை என்ன என்று நெடுங்காலம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

காப்பவரின் உடல்நலத்தைச் சட்டங்கள் கேட்கவே இல்லையா என்றால், கேட்டன. ஆனால் ஒரே ஒரு கோணத்தில். பிரான்ஸில் தியோஃபில் ரூசல் கொண்டுவந்த 1874-ஆம் ஆண்டுச் சட்டம், கூலிக்கு வெளியே வளர்க்கப்படும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அரசின் கண்காணிப்பில் வைத்தது. பாலூட்ட வரும் செவிலித்தாய் மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டும். அவள் உடம்பிலிருந்து குழந்தைக்கு நோய் தொற்றிவிடக் கூடாது என்பதே அங்கே கவலை. இங்கிலாந்தில் 1948-இல் பகல்நேரக் காப்பாளர்கள் முதன்முறையாகப் பதிவேட்டுக்குள் வந்தார்கள். அந்தச் சட்டமும் எத்தனை குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பிடவும், தொற்றுநோயிலிருந்து குழந்தைகளைக் காக்க முன்னெச்சரிக்கை கேட்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுத்தது. இன்றும் கலிபோர்னியாவில் வீட்டுக் காப்பகத்துக்கு விண்ணப்பிப்பவர் காசநோய் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எல்லாமே தேவையான விதிகள்தான். ஆனால் மூன்றும் கேட்கும் கேள்வி ஒன்றே: இவரிடமிருந்து குழந்தைக்கு என்ன போய்ச் சேரும்? பிற்பகல் ஒரு மணிக்கு இவருக்கே நெஞ்சு வலித்தால் குழந்தைகளிடம் யார் போய்ச் சேருவார் என்ற கேள்விக்கு அந்தத் தாள்களில் இடமே இல்லை.

அமெரிக்காவில் இந்தப் போக்கு இன்னொரு வழியாக வலுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுத ஆலைகளுக்குப் போன தாய்மாருக்காக லான்ஹம் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் நிதியில் குழந்தை மையங்கள் நடந்தன. உச்சத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்கின. 1946-இல் மத்திய அரசின் பணம் நின்றது. வேலையை விடாத தாய்மாரில் ஏராளமானோர் மறுபடி உறவினரையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் நாடினார்கள். 1962-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் குழந்தைக் காப்புக்கு மீண்டும் பணம் ஒதுக்கியது. அந்தப் பணத்தைத் தொட உரிமம் வேண்டும் என்றது. மாநிலங்கள் உரிம விதிகளைப் பெருமளவு மையங்களை மனத்தில் வைத்தே எழுதின. மையத்தில் ஓர் ஆசிரியை மயங்கி விழுந்தால் அடுத்த அறையிலிருந்து இன்னொருவர் வருவார். அதனால் இத்தனை குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற விகிதம் அங்கே போதுமான காவல். அதே விகிதத்தை ஒரே ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஆறுக்கு ஒன்று என்பது ஆறுக்குச் சுழியம் ஆகும் நிமிடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நிறுவனத்தின் விதி வீட்டுக்குள் வந்தது. நிறுவனத்தின் அடுத்த அறை வரவில்லை.

இதே காலத்தில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஆர்தர் எம்லன், ஆலிஸ் காலின்ஸ், யூனிஸ் வாட்சன் ஆகியோர் செய்த ஆய்வு, வீட்டுக் காப்பு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டியது. எந்த அலுவலகத்தின் துணையும் இல்லாமல், யார் பிள்ளை பார்ப்பார், யாருக்கு ஆள் வேண்டும் என்று அறிந்து இருவரையும் சேர்த்துவைக்கும் பெண்கள் அந்தந்தப் பகுதியில் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து ஆதரிப்பதையே ஒரு சேவையாக நடத்திப் பார்த்தார்கள் இவர்கள். உரிம இயல் அறிஞர் நாரிஸ் கிளாஸ், தனி வீடுகளுக்கு முழு உரிமத்துக்குப் பதில் எளிய பதிவு போதும் என்று வாதாடினார். 1970-களின் நடுவில் டெக்ஸாஸ் அந்த வழியில் போனது. ஆனால் பெரும்போக்கு வேறு. 1981-இல் வெளிவந்த தேசிய ஆய்வு, வீட்டுக் காப்பகங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை எந்தக் கண்காணிப்புக்குள்ளும் வராமல் நடப்பதாகக் கணித்தது. சட்டம் ஒருபுறம் இறுகிக்கொண்டே போனது; வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு வெளியே இருந்தன. உள்ளே வந்த சிலருக்கு, கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனை முடிக்காத பக்கத்து வீட்டுப் பெண் இனி உதவியாளர் ஆக முடியாது. அவரிடம் குழந்தைகளைத் தனியே விட்டால் உரிமத்துக்கே ஆபத்து.

மருத்துவ அறிவும் இதே திசையில் ஓடியது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை 1960-இல் வெளியிட்டார்கள். 1968 பிப்ரவரியில் அலபாமாவின் ஹேலிவில்லில், அவசர உதவி எண்ணான 911-க்கு முதல் அழைப்பு ஒலித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் முதலுதவியும், மார்பு அழுத்தத்தை உள்ளடக்கிய சிபிஆர் என்ற உயிர்காப்பு முறையும் காப்பாளருக்குக் கட்டாயப் பாடமாயின. 2014-இல் புதுப்பிக்கப்பட்ட மத்திய குழந்தைக் காப்பு மானியச் சட்டம், மாநிலங்கள் கற்பிக்க வேண்டிய பாதுகாப்புத் தலைப்புகளைப் பட்டியலிட்டது: தொற்றுநோய்த் தடுப்பு, பாதுகாப்பான உறக்கம், மருந்து கொடுத்தல், உணவு ஒவ்வாமை, இயற்கைப் பேரிடர், காப்பகத்தில் வன்முறை, குழந்தைகளுக்கான முதலுதவி. நல்ல பட்டியல், உயிர்களைக் காக்கக்கூடிய பட்டியல். ஆனால் அதில் பூகம்பத்துக்கு இடம் இருக்கிறது, துப்பாக்கிக்காரனுக்கு இடம் இருக்கிறது. காப்பாளரே மயங்கி விழுவதற்குத் தனித் தலைப்பு இல்லை. சிபிஆர் தெரிந்த ஒரே ஆள் தரையில் கிடந்தால், அந்த வீட்டில் சிபிஆர் தெரிந்தவர் யாருமே இல்லை.

அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மதியத் தூக்க நேரம். இரண்டு கைக்குழந்தைகள் தொட்டிலில், மூன்று பேர் பாயில், நாலு வயதுப் பிள்ளை ஒன்று விழித்திருக்கிறது. காப்பாளருக்குச் சர்க்கரை இறங்குகிறது, அல்லது வலிப்பு வருகிறது. நினைவு இருக்கும்போதே 911-ஐ அழைத்துவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்தது. அழைக்க முடியாவிட்டால், போனைத் திறக்கும் கடவுச்சொல் அவர் தலைக்குள்ளே இருக்கிறது; பெற்றோரின் எண்களும் அதே போனுக்குள். குழந்தைகளின் பாதுகாப்புக்காக உயரத்தில் போட்ட தாழ்ப்பாள் இப்போது வெளியாளை உள்ளே விடாது. அடுப்பில் ஏதாவது இருக்கலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு, தூங்குகிறவருக்கும் மயங்கியவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஆம்புலன்ஸ் வந்த பிறகும் கதை முடிவதில்லை. அவர்கள் நோயாளிக்காக வந்தவர்கள்; ஆறு குழந்தைகளோடு உட்கார்ந்திருக்க முடியாது. எந்தக் குழந்தைக்கு நிலக்கடலை ஆகாது, எதற்கு மூன்று மணிக்கு மருந்து, யாரை யார் கையில் கொடுக்கலாம் என்பதெல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு எங்கே என்று சொல்லக்கூடியவர் ஸ்ட்ரெச்சரில் போய்க்கொண்டிருப்பார்.

இது அபூர்வமாக நடப்பது, இதற்கெல்லாம் சட்டம் போட முடியுமா என்று கேட்கலாம். ஒரு குறிப்பிட்ட வீட்டில் தீ பிடிப்பதும் அபூர்வம்தான். அதற்காகத் தீயணைப்புக் கருவி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அடிக்கடி நடக்கிறதா என்பதோடு, நடந்தால் தப்பிக்க வழி இருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் பாதுகாப்பு விதிகள் எழுதப்படுகின்றன. மேலும், உயிர் போகும் மாரடைப்பை மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது. மாடிப்படியில் கால் பிசகுவது, ஆஸ்துமா, கர்ப்பிணிக்கு முன்கூட்டியே வலி எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். குழந்தையைத் தூக்கி இறக்கி முதுகைத் தேய்க்கும் தொழிலில் இவை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பின்னணிச் சோதனையைத் தளர்த்தினால், வாட்டர்ஸ்களுக்கும் டையர்களுக்கும் மறுபடி கதவு திறந்துவிடாதா? திறக்கக்கூடும், அதனால்தான் மினசோட்டாவின் பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தளர்வை அது நெருக்கடிக்கு மட்டும், அன்று காப்பகத்தை மூடுவதற்கு மட்டும் கட்டுப்படுத்துகிறது. தகுதி பெற்ற மாற்றாள் கிடைக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. குற்றப் பின்னணி உள்ளவர் என்று தெரிந்தே ஒருவரை அமர்த்துவதைத் தடுக்கிறது. சந்தேகத்தையும் கைவிடாமல், நெருக்கடியையும் மறக்காமல் சட்டம் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. கலிபோர்னியாவின் விதியோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே உரிமதாரர் தற்காலிகமாக வெளியே போகும்போது மாற்றாள் வைக்கலாம். ஆனால் காப்பகம் நடக்கும் நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பத்து மணி நேரம் திறந்திருந்தால் இரண்டு மணி நேரம். பல் டாக்டரிடம் போய்வர அது போதும். எமர்ஜென்சி வார்டுக்குப் போதாது. அந்த மாநிலத்தின் ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் பிள்ளைகளை வீட்டுக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தமிழ்ப் பெற்றோர், சேரும் நாளில் கேட்கும் கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: உங்களுக்கு முடியாமல் போனால் வருவது யார், அவருக்கு என் குழந்தையைத் தெரியுமா?

அப்படியானால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிடலாமே? அது இந்தத் தொழிலையே மூடிவிடும். ஆறு குழந்தைகளின் கட்டணத்தில் இரண்டு பேருக்குச் சம்பளம் வராது. ஏற்கெனவே வீட்டுக் காப்பகங்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன. இங்கிலாந்தில் 1990-களின் நடுவில் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த 'சைல்டு மைண்டர்' எனப்படும் பதிவு பெற்ற வீட்டுக் காப்பாளர்கள், 2023-இல் முப்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் இந்த நூற்றாண்டில் உரிமம் பெற்ற சிறு காப்பகங்கள் பெருமளவு குறைந்துள்ளன. இன்னொரு சுமையை அவர்கள் தலையில் ஏற்றினால், எஞ்சியவர்களும் 1981 ஆய்வு கண்ட கண்காணிப்பில்லாத உலகத்துக்கே திரும்புவார்கள். 1871-இல் பெக்கர் எச்சரித்ததும் இதைத்தான்.

ஆக, இரண்டாவது ஆள் வேண்டும். அவருக்கான செலவை ஒற்றை வீட்டின் மேல் ஏற்றவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு முன்னுதாரணம் டென்மார்க்கில் இருக்கிறது. 1960-களிலிருந்து வளர்ந்த 'டாக்ப்ளைய' என்ற ஏற்பாட்டில், காப்பாளர் தன் வீட்டில்தான் குழந்தைகளைப் பார்க்கிறார். ஆனால் நகராட்சி அவருக்குச் சம்பளம் தருகிறது. வழக்கமாக நாலு குழந்தைகள். ஐந்தாவது இடம் விருந்தாளிக் குழந்தைக்கு. ஒரு காப்பாளருக்கு உடம்பு சரியில்லை என்றால், அவரது குழந்தைகள் அதே வட்டத்தில் உள்ள மற்ற காப்பாளர்களிடம் போகிறார்கள். அந்த வட்டத்தினர் குழந்தைகளோடு அடிக்கடி ஒரு பொது விளையாட்டுக் கூடத்தில் கூடுவதால், போகும் வீடு குழந்தைக்கு முன்பின் தெரியாத வீடு அல்ல.  காலையில் வரும் காய்ச்சலுக்கு இது பொருந்தும், பட்டப்பகலில் மயங்கி விழுவதற்கு என்ன செய்யும் என்று கேட்டால், கேள்வி சரியே. எந்த ஏற்பாடும் அந்த முதல் ஐந்து நிமிடங்களைத் தானாக நிரப்பிவிடாது. ஆனால் ஆறாவது நிமிடத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அங்கே பதில் முன்கூட்டியே இருக்கிறது. வருகிறவர் குழந்தையின் பெயர் தெரிந்தவர். சோதனையும் பயிற்சியும் முடித்தவர்.

ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். அலமாரிக் கதவில் ஒட்டிய எண்கள், பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த சாவி, நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று இலக்கம் ஆகியவை ஒவ்வொரு காப்பாளரும் இன்றே செய்யக்கூடியவை. முதல் ஐந்து நிமிடங்கள் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு வரும் மணி நேரங்கள் அரசின் பொறுப்பு. தெருவிடம் இருந்த வேலையை ஒற்றைப் பெயருக்கு மாற்றியது உரிமம் வழங்கும் அலுவலகம். அந்த மாற்றத்தால் காணாமல் போன இரண்டாவது ஆளை, நாலைந்து காப்பகங்களுக்குப் பொதுவாக, சோதனை முடித்து, சம்பளம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டிய கடனும் அதே அலுவலகத்துக்கு உண்டு. உரிமத்தில் காப்பாளரின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கான வரி இருக்க வேண்டும். அந்த வரியை நிரப்பும் செலவை மாநிலம் ஏற்க வேண்டும்.